தராசு சொல்லும் சேதி: மாசமா இருக்கும்போது எடை எவ்வளவு ஏறணும்?

"ரெண்டு உசுருக்குச் சேத்துச் சாப்பிடு"ன்னு அத்தை சொல்லுவாங்க. "ரொம்பச் சாப்பிடாத, புள்ள பெருசாயிட்டா ஆபரேஷன்தான்"னு பக்கத்து வீட்டு மதினி சொல்லுவாங்க. சின்னமனூர் பக்கம் கர்ப்பிணிப் பெண் இருக்கிற வீட்டில் இந்த இரண்டு பேச்சும் ஒரே நாளில் காதில் விழும். இரண்டும் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இரண்டில் எதைக் கேட்டாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் சிரமம் வரலாம்.

ஏன் அப்படி? 2019-21-ல் நடந்த 5-வது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதே மாநிலத்தில் 100-க்கு சுமார் 13 பேர் எடை குறைந்தவர்கள். கர்ப்பிணிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இரத்தசோகை. கம்பம் பள்ளத்தாக்கிலும் இதை நேரில் பார்க்கலாம். விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, இடுக்கி மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற ஒல்லியான பெண் ஒருத்தி. அதே தெருவில் நாள் முழுக்க கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிற, உடம்பு போட்ட பெண் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை எப்படிப் பொருந்தும்?

ஆகவே இந்தப் பாடத்தில் நான்கு விஷயம் கற்றுக்கொள்வோம். ஏறுகிற எடை எங்கே போகிறது, உங்களுக்கான கணக்கு எது, எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அரசு தரும் உதவிகளை எப்படிப் பெறுவது. கையில் போனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கால்குலேட்டர் போதும்.

ஏறுகிற கிலோ எல்லாம் கொழுப்பா?

இல்லை. ஒரு பெண்ணுக்கு 11, 12 கிலோ ஏறினால், அது ஏறக்குறைய இப்படிப் பிரியும்:

- குழந்தை: சுமார் 3 கிலோ
- நஞ்சுக்கொடி: அரை கிலோவுக்கு மேல்
- பனிக்குடத் தண்ணீர்: கிட்டத்தட்ட 1 கிலோ
- பெரிதாகும் கருப்பை: சுமார் 1 கிலோ
- மார்பகம்: சுமார் அரை கிலோ
- கூடுதலாக ஊறும் இரத்தம்: ஒன்றே கால் கிலோ முதல் ஒன்றரை கிலோ வரை
- உடம்பில் சேரும் நீர்: அதே அளவு
- சேமிப்புக் கொழுப்பு: சுமார் 3 கிலோ

கடைசியில் உள்ள அந்தக் கொழுப்பும் வீண் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு தாய்ப்பால் சுரக்க உடம்பு சேர்த்து வைக்கிற இருப்பு அது. "எனக்கு உடம்பு போட்டுருச்சு"ன்னு கண்ணாடியைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம். பெரும்பகுதி பிள்ளைக்கும், பிள்ளையைச் சுமக்கிற வேலைக்கும் போகிறது.

உங்கள் கணக்கைப் போடுங்கள்

முதலில் பிஎம்ஐ கணக்கு. கர்ப்பமாவதற்கு முன் இருந்த எடை வேண்டும். அது தெரியாதா? முதல் 3 மாதத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்த முதல் எடையை எடுத்துக்கொள்ளலாம். 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறாம் மாதத்தில் முதன்முதலாகப் போய் நின்றால், எங்கிருந்து ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

கணக்கு இதுதான்: உயரத்தை மீட்டரில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வருகிற விடையால் எடையை வகுங்கள்.

எடுத்துக்காட்டாக மூன்று பெண்களை நினைத்துக்கொள்வோம்.

முதல் பெண்: உயரம் 154 செ.மீ., எடை 40 கிலோ. 1.54-ஐ 1.54-ஆல் பெருக்கினால் 2.37. 40-ஐ 2.37-ஆல் வகுத்தால் 16.9.

இரண்டாவது பெண்: உயரம் 152 செ.மீ., எடை 45 கிலோ. விடை 19.5.

மூன்றாவது பெண்: உயரம் 150 செ.மீ., எடை 60 கிலோ. விடை 26.7.

இப்போது உங்கள் விடையை இந்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-ல் வெளியிட்டு, உலகில் பல நாடுகளில் மருத்துவர்கள் பார்க்கும் அளவு இது. ஒரே குழந்தையைச் சுமப்பவர்களுக்கு மட்டும்:

- 18.5-க்குக் கீழே: மொத்தம் 12.5 முதல் 18 கிலோ
- 18.5 முதல் 24.9 வரை: 11.5 முதல் 16 கிலோ
- 25 முதல் 29.9 வரை: 7 முதல் 11.5 கிலோ
- 30-ம் அதற்கு மேலும்: 5 முதல் 9 கிலோ

ஒல்லியாக இருப்பவருக்குக் கூடுதலாக ஏறணும், பருமனாக இருப்பவருக்குக் குறைவாக ஏறினால் போதும் என்பது இதிலிருந்து புரியும். ஆனால் யாருக்கும் 'ஏறவே வேண்டாம்' என்று இல்லை என்பதையும் கவனியுங்கள்.

"நர்ஸம்மா 9-லிருந்து 11 கிலோன்னு சொன்னாங்களே?" என்று கேட்கலாம். அதுவும் சரிதான். நம் நாட்டில் பொதுவாகச் சொல்லும் அளவு அது. நம் பெண்களின் உயரமும் உடல்வாகும் வேறு. இரண்டு எண்ணையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் பிஎம்ஐ எந்த வரிசையில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, "எனக்கு எவ்வளவு ஏறணும்?" என்று உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் எப்படி ஏறும்?

முதல் 3 மாதத்தில் அரை கிலோவிலிருந்து 2 கிலோ வரைதான் ஏறும். வாந்தி, மசக்கை உள்ளவர்களுக்கு ஏறாமலும் இருக்கலாம், கொஞ்சம் குறையவும் செய்யலாம். நான்காம் மாதத்திலிருந்துதான் உண்மையான கணக்கு. ஒல்லியானவருக்கு வாரம் அரை கிலோ, சரியான எடை உள்ளவருக்கு வாரம் 400 கிராம், அதிக எடை உள்ளவருக்கு வாரம் 300 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, மிகப் பருமனானவருக்கு வாரம் 200 கிராம். சுமாராக இப்படி ஏறினால் போதும்.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே தராசில், காலையில், சிறுநீர் கழித்த பிறகு, செருப்பில்லாமல் ஏறி நில்லுங்கள். மார்க்கெட் பக்கம் ஒரு மெஷின், ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் ஒரு கிலோ முன்னே பின்னே காட்டும், வீண் பயம் வரும். போனில் ஒரு குறிப்பு திறந்து தேதி, வாரம், எடை, இரத்த அழுத்தம் நான்கையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் அட்டையின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னமனூரில் பதிவு செய்துவிட்டு, தாய்வீடு போடியில், பிரசவம் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் என்று இடம் மாறும்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

எடை ஏறாவிட்டால்

நான்காம் மாதத்துக்குப் பிறகும் ஒரு மாதம் முழுக்க எடை நகரவே இல்லை என்றால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள். பிள்ளை வயிற்றில் சரியாக வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் குறைவாக இருக்கிற குழந்தைக்கு நோய்த்தொற்றும் மற்ற சிக்கல்களும் எளிதில் வரும்.

இதில் சாப்பாட்டோடு வேலையும் சேர்ந்து வருகிறது. மகாராஷ்டிர மாநிலம் புனே அருகே கிராமங்களில், விவசாய வேலை செய்யும் கர்ப்பிணிகளை 1990-களில் ஆய்வு செய்தார்கள். பால், கீரை, பழம் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் நல்ல வளர்ச்சியோடு இருந்தன. கர்ப்பத்தின்போது கடுமையான வேலை செய்தவர்களின் குழந்தைகள் சிறியவையாக இருந்தன. ஏலத்தோட்டத்துக்கும், திராட்சைத் தோட்டத்துக்கும், வயலுக்கும் போகிற நம் ஊர்ப் பெண்களுக்கு இது நேரடியான பாடம்.

வேலையை விட முடியாத வீட்டு நிலைமை பலருக்கு உண்டு. அப்படியானால் இதையாவது செய்யுங்கள்:

- வெறும் டீயோடு ஜீப் ஏறாதீர்கள். இரண்டு இட்லியோ, ஒரு சொம்பு கேப்பைக் கூழோ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.
- பையில் வறுத்த நிலக்கடலை, பொரிகடலை, வாழைப்பழம் வையுங்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை.
- மூட்டை தூக்குவது, மருந்து தெளிப்பது இரண்டும் வேண்டாம். அந்த வேலையை மாற்றித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் வீட்டுக்காரர் பேச வேண்டும்.
- மதியம் சாப்பிட்டதும் இடதுபக்கம் சாய்ந்து கொஞ்ச நேரம் படுங்கள்.

"சாப்பாட்டைக் குறைத்தால் பிள்ளை சின்னதாகும், பிரசவம் லேசாகும்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். சாப்பாட்டைக் குறைத்தால் பிள்ளையின் எடையோடு தாயின் தெம்பும் சேர்ந்து குறையும். பிரசவ வலியைத் தாங்கத் தெம்பு வேண்டாமா?

எடை அதிகமாக ஏறினால்

அதிகமாக ஏறினால் கர்ப்பகாலச் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, பெரிய குழந்தை, அறுவைப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். பிரசவத்துக்குப் பிறகு அந்த எடை இறங்காமல் தங்கிவிடவும் செய்யும்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதே புனே ஆய்வில், அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. பிரிட்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனாலும் நம் குழந்தைகளின் சின்ன உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பின்னாளில் சர்க்கரை நோய் வருவதற்கு இது வழி வைக்கிறது. அதனால் எண்ணெயும் இனிப்பும் மாவுமாகச் சாப்பிட்டு எடையை மட்டும் ஏற்றினால் பயனில்லை. புரதமும் கீரையும் பழமும் வேண்டும்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய 2007-லேயே ஆணையிட்ட மாநிலம் தமிழ்நாடு. இதற்காக உழைத்தவர் சென்னை மருத்துவர் வி.சேஷய்யா. அவர் பிறந்தநாளான மார்ச் 10, கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பரிசோதனை எளிது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் பரிசோதனையில் ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் ஒரு தடவை செய்ய வேண்டும். "முதல்லயே பாத்தாச்சே" என்று இரண்டாவதைத் தவற விடாதீர்கள்.

எடை அதிகம் என்பதற்காகப் பட்டினி கிடப்பதோ, வீடியோ பார்த்து டயட் இருப்பதோ கூடவே கூடாது. குறைக்க வேண்டியவை மூன்று: டீயில் போடும் சீனி, பாட்டில் குளிர்பானம், சாயங்காலப் பஜ்ஜி-வடை. கூட்ட வேண்டியது ஒன்று: நடை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லாத வரை தினமும் அரைமணி நேரம் மெதுவாக நடக்கலாம்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரே மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினால், அது சாப்பாட்டால் வந்தது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரத்தக்கொதிப்பால் உடம்பில் நீர் கோத்திருக்கலாம். சர்க்கரையாகவோ இரட்டைக் குழந்தையாகவோ இருக்கலாம். அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

முகமும் கையும் வீங்குவது, தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்கலாகத் தெரிவது, மேல்வயிற்றில் வலி, வலிப்பு, இரத்தப்போக்கு, பனிக்குடத் தண்ணீர் கசிவது, பிள்ளை அசைவு குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். இரவு என்றோ, மழை என்றோ, மேகமலை எஸ்டேட்டிலிருந்து இறங்கக் காலையாகட்டும் என்றோ தள்ளிப்போட வேண்டாம்.

கூடுதல் சாப்பாடு எவ்வளவு?

'ரெண்டு உசுருக்கு' என்றால் இரண்டு மடங்கு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு நாளைக்குக் கூடுதலாக 350 கலோரி போதும். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும்.

புரதம் கூடுதலாக வேண்டும். 4 முதல் 6 மாதம் வரை நாளைக்குச் சுமார் 9.5 கிராம், கடைசி 3 மாதம் 22 கிராம். ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தட்டாம்பயறு சுண்டல் மூன்றும் சேர்ந்தால் 20 கிராம் பக்கம் வரும். சைவம் என்றால் முட்டைக்குப் பதில் இன்னொரு கிண்ணம் பருப்பு.

நம் ஊரில் கிடைப்பதே போதும். வாரச்சந்தையில் முருங்கைக்கீரை, மொச்சை, கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் வாங்கலாம். ஒல்லியானவர்கள் கேப்பைக் களியில் கொஞ்சம் நல்லெண்ணெய், சாதத்தில் ஒரு கரண்டி நெய், கூடுதல் ஒரு முட்டை சேர்க்கலாம். எடை அதிகமுள்ளவர்கள் தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு அல்லது மீன் என்று பிரித்துக்கொள்ளலாம். சர்க்கரை இருப்பவர்கள் வாழைப்பழம், திராட்சை அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று. சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகிவிடும் என்பது வெறும் பேச்சு. மலம் கறுப்பாகப் போகும், அவ்வளவுதான். டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட வேண்டாம். போனில் இரண்டு அலாரம் வைத்துவிடுங்கள்.

போனில் முடிகிற வேலை, நேரில் போக வேண்டிய வேலை

1. பிக்மி பதிவு: மாதவிடாய் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியானதும், தமிழ்நாடு அரசின் பிக்மி இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். 102 என்ற எண்ணிலும், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பிறகு உங்கள் பகுதி சுகாதார செவிலியர் சரிபார்த்து 12 இலக்க ஆர்சிஹெச் எண் தருவார். பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் கேட்பார்கள்.

2. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: தகுதியுள்ள ஏழைப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு. பணமாக ரூ.14,000, கூடவே இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், மொத்த மதிப்பு ரூ.18,000. 12 வாரத்துக்குள் பதிவு அவசியம். வயது 19 நிறைந்திருக்க வேண்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். பெட்டகத்தில் வரும் சத்துமாவு, பேரீச்சை, நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் கர்ப்பிணிக்கானவை. வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதற்கு இல்லை.

3. அங்கன்வாடி: கர்ப்பிணிகளுக்கு இணை உணவாகச் சத்துமாவு இலவசம். ஆதாரோடு போய்ப் பெயரைக் கொடுங்கள்.

4. பரிசோதனை நாள்: ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி மருத்துவர் பார்க்கும் சிறப்பு முகாமும் உண்டு. இரண்டையும் போன் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

5. சந்தேகம் வந்தால் 104. அவசரம் என்றால் 108.

வீட்டில் இருப்பவர்களுக்கு

எடை ஏறவில்லை என்றால் பெண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவள் கடைசியில் சாப்பிட உட்காரும்போது குழம்புச்சட்டியில் என்ன மிச்சம் இருந்தது என்று பாருங்கள். முட்டையும் மீனும் முதலில் யார் தட்டுக்குப் போனது? தண்ணீர்க் குடம் யார் தூக்கியது? கணவரும் மாமியாரும் இந்த மூன்றை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. எடை அதிகம் உள்ள பெண்ணைக் கேலி பேசுவதும் வேண்டாம். கேலிக்குப் பயந்து பரிசோதனைக்கே வராமல் போய்விடுகிறவர்கள் உண்டு.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: மேலே சொன்ன முதல் பெண்ணுக்கு (பிஎம்ஐ 16.9) ஆறாம் மாத முடிவில் மொத்தம் 3 கிலோ மட்டும் ஏறியிருக்கிறது. சரியா?
விடை: போதாது. நான்காம் மாதத்திலிருந்து வாரம் அரை கிலோ வீதம் ஏறியிருந்தால் இந்நேரம் 6 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். வேலை, சாப்பாடு, இரத்தசோகை மூன்றையும் செவிலியரிடம் பேச வேண்டும்.

கேள்வி 2: இரண்டாவது பெண்ணுக்கு ஏழாம் மாதம் மட்டும் 4 கிலோ ஏறியிருக்கிறது. மோதிரம் இறுக்குகிறது. வளைகாப்புப் பலகாரம்தான் காரணமா?
விடை: அப்படி நினைத்து இருந்துவிடக் கூடாது. அன்றே இரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி 3: மூன்றாவது பெண் (பிஎம்ஐ 26.7) எடை ஏறவே கூடாது என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். சரியா?
விடை: தவறு. அவருக்கும் 7 முதல் 11.5 கிலோ ஏற வேண்டும். இரவில் இரண்டு இட்லி, சாம்பார், காய் சாப்பிடட்டும். சீனியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைக்கட்டும்.

மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னீர்களா? அப்படியானால் உங்கள் தெருவில் மாசமாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அவர் பரிசோதனைக்குப் போகும்போது, "எனக்கு எவ்வளவு ஏறணும்?" என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.